குழந்தைகளின் நெஞ்சுக் கட்டிக்குத் துளைவழி அறுவை சிகிச்சை: இராமநாதபுரம் கடற்கரைப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

“பிள்ளை நெஞ்சுக்குள் கட்டி இருக்கிறது, கேமரா வைத்து எடுத்துவிடலாம்” என்று மருத்துவர் சொல்லக் கேட்டுவிட்டு வந்த பெற்றோருக்காக இதை எழுதியிருக்கிறோம். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், இராமேசுவரம் பக்கத்திலிருந்து மதுரைக்கோ சென்னைக்கோ போக வேண்டியிருக்கும் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே உள்ளன. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: துளை எவ்வளவு சின்னது என்பது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். அது என்ன கட்டி, எதில் ஒட்டியிருக்கிறது, உடையாமல் முழுதாக வெளியே வருமா என்பவைதான் முதலில் வர வேண்டிய கேள்விகள்.

துளைவழி அறுவை சிகிச்சையில் எத்தனை துளை போடுவார்கள்?

பெரும்பாலும் மூன்று, சில சமயம் நான்கு. கைக்குழந்தைக்கு 3 மி.மீ. கருவிகள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு 5 மி.மீ. ஒரு துளையில் கேமரா, மற்றவற்றில் பிடிக்கும், வெட்டும் கருவிகள். விலா எலும்பை வெட்டுவதில்லை. இரண்டு விலாக்களுக்கு நடுவே உள்ள சதையை விலக்கிக்கொண்டு உள்ளே போவார்கள். கட்டியை வெளியே எடுக்கும்போது மட்டும் ஒரு துளையைக் கட்டியின் அளவுக்கு ஏற்பக் கொஞ்சம் அகலப்படுத்துவார்கள். இதையே மருத்துவர்கள் தொராகோஸ்கோப்பி என்றும் வாட்ஸ் என்றும் சொல்வார்கள். வயிற்றில் செய்தால் லேப்ராஸ்கோப்பி.

புதுச் சோதனையை நம் பிள்ளையிடம் செய்கிறார்களோ என்ற பயம் பலருக்கு வருகிறது. அது வேண்டாம். 1910-இல் ஸ்வீடன் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் யாகோபேயஸ் குழாய் வழியே நெஞ்சுக்குள் பார்க்கும் முறையைப் பற்றி எழுதினார். குழந்தைகளிடம் செய்த அனுபவம் 1976-லேயே மருத்துவ இதழில் வெளிவந்துவிட்டது.

லேசர் ஆபரேஷனா இது?

இல்லை. கத்தரி, ரத்தக்குழாயைச் சூட்டால் அடைக்கும் கருவி, கிளிப், நூல் இவைதான். திறந்து செய்தாலும் உள்ளே நடக்கும் வேலை இதேதான். போகிற வழி வேறு.

அப்படியானால் துளைவழியில் பிள்ளைக்கு என்ன லாபம்?

வலி குறைவு, வீட்டுக்குச் சீக்கிரம் வரலாம் என்பது எல்லோரும் சொல்வது. குழந்தைக்கு அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. பக்கவாட்டில் நீளமாகக் கீறி, விலாக்களை இரும்புக் கருவியால் அகட்டித் திறந்தால் முதுகு, தோள் தசைகள் அறுபடலாம். அகட்டிய விலாக்கள் பிற்பாடு ஒன்றோடொன்று ஒட்டிப் போகலாம். வளரும் உடம்பில் இது ஆண்டுகள் கழித்து முதுகெலும்பு வளைவாகவும், தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு நிற்பதாகவும் தெரியவரும். மூன்று வயதில் செய்த அறுவையின் விளைவு பன்னிரண்டு வயதில் வெளிப்படும் என்பதால்தான் குழந்தை அறுவை மருத்துவர்கள் துளைவழியை விரும்புகிறார்கள். புண் சிறிது என்பதால் கீமோதெரபியையும் தள்ளிப்போடாமல் தொடங்க முடிகிறது.

நெஞ்சுக்குள் என்னென்ன கட்டி வரும்? எல்லாமே புற்றுநோய்தானா?

எல்லாம் புற்றுநோய் இல்லை. கட்டி எங்கே இருக்கிறது என்பதை வைத்தே பாதி ஊகித்துவிடலாம்.

இரண்டு நுரையீரலுக்கும் நடுவே, மார்பெலும்புக்குப் பின்னால் முன்பக்கமாக இருந்தால் லிம்போமா (நிணநீர்ப் புற்று), தைமஸ் சுரப்பிக் கட்டி, டெரட்டோமா போன்ற கருவணுக் கட்டிகள். இங்கே ஓர் எச்சரிக்கை: சின்னக் குழந்தையின் எக்ஸ்ரேயில் தைமஸ் இயல்பாகவே பெரிதாகத் தெரியும். வள்ளத்தில் பாய் விரித்தது போல முக்கோணமாக ஒரு நிழல் விழும். மருத்துவர்களும் அதைப் பாய் அடையாளம் என்றுதான் சொல்கிறார்கள். அது கட்டியே அல்ல.

நடுப்பகுதியில் இருந்தால் வீங்கிய நெறிகள் (நிணநீர் முடிச்சுகள்; காசநோய், லிம்போமா இரண்டிலும் வரும்), அல்லது பிறவியிலேயே வரும் மூச்சுக்குழாய் நீர்க்கட்டி. முதுகெலும்பை ஒட்டிப் பின்பக்கமாக இருந்தால் நரம்பிலிருந்து முளைத்த கட்டிகள்: கேங்லியோநியூரோமா சாதுவானது, நியூரோபிளாஸ்டோமா புற்று, இரண்டும் கலந்த இடைப்பட்ட வகையும் உண்டு. நெஞ்சில் வரும் நியூரோபிளாஸ்டோமா பொதுவாக வயிற்றில் வருவதைவிட நல்ல பலன் தரக்கூடியது.

நுரையீரலுக்குள்ளேயே தெரியும் உருண்டைகள் பெரும்பாலும் வேறிடத்திலிருந்து வந்தவை: கால் எலும்பில் வந்த ஆஸ்டியோசார்கோமா, சிறுநீரகத்தில் வந்த வில்ம்ஸ் கட்டி. நுரையீரலிலேயே பிறக்கும் பிளூரோபல்மனரி பிளாஸ்டோமா அரிது. ஆனால் அது சாதாரண நீர்க்கட்டி போலவே தோன்றி ஏமாற்றும்.

ஆடு வளர்க்கும், நாய் பழகும் ஊர்களில் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. நாயிடமிருந்து வரும் நாடாப்புழுவின் முட்டையால் உண்டாகும் ஹைடாட்டிட் நீர்க்கட்டி. இது கட்டி போலவே எக்ஸ்ரேயில் தெரியும். இதில் ஊசி குத்தினால் உள்ளிருக்கும் நீர் சிந்திக் கடும் ஒவ்வாமை வரலாம், புழுக்குஞ்சுகள் நெஞ்செங்கும் பரவலாம். நீர் நிறைந்த உருண்டை என்றால் ஊசி எடுக்கும் முன் இதைச் சந்தேகித்தாரா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒரு மாதமாகச் சளி, வீசிங் என்று நெபுலைசர் புகை வைத்துக்கொண்டிருக்கிறோம். எப்போது எக்ஸ்ரே எடுக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பக்கத்திலேயே அதிக இடம் தர விரும்புகிறோம்.

பத்துப் பதினைந்து நாளில் தணியாத இருமல், ஒரே பக்கத்தில் மட்டும் கேட்கும் இளைப்பு, படுத்தால் கூடி உட்கார்ந்தால் குறையும் மூச்சுத்திணறல், காலையில் எழும்போது முகமும் கண்ணிமையும் வீங்கியிருப்பது, கழுத்து நரம்பு புடைத்துத் தெரிவது, கழுத்தில் உருளும் நெறி, காரணமில்லாத எடைக்குறைவு. இவற்றில் ஏதாவது இருந்தால் அடுத்த மருந்துச் சீட்டுக்கு முன் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே. ஒரு கண்ணிமை மட்டும் தாழ்ந்து அந்தக் கண்ணின் பாப்பா சிறுத்திருந்தாலும், கண்கள் காரணமில்லாமல் துள்ளி ஆடினாலும், கால் தள்ளாடினாலும் நரம்புக் கட்டியைத் தேட வேண்டும்.

முக்கியமான விஷயம் ஸ்டீராய்டு. வீசிங்குக்கு டெக்சாமெத்தசோன் ஊசியும் பிரெட்னிசோலோன் சிரப்பும் தருவது வழக்கம். உண்மையான ஆஸ்துமாவுக்கு அது சரியான மருந்தே. ஆனால் உள்ளே இருப்பது லிம்போமாவோ ரத்தப் புற்றோ என்றால், அதே மருந்து கட்டியைச் சில நாளில் கரைத்துக் காட்டும். பிள்ளை தேறிவிட்டதாக வீடே நிம்மதி அடையும். இரண்டு வாரத்தில் கட்டி திரும்ப வரும். அப்போது எடுக்கும் சதைப் பரிசோதனையில் எந்த வகை என்றே சொல்ல முடியாமல் போகலாம். கட்டி ஒரேயடியாகக் கரையும்போது ரத்தத்தில் பொட்டாசியமும் யூரிக் அமிலமும் ஏறி, சிறுநீரகம் நின்றுபோகும் ஆபத்தும் இருக்கிறது. ஆகவே மாத்திரையாகவோ ஊசியாகவோ ஸ்டீராய்டு தரும் முன், ஆஸ்துமா என்று இதுவரை உறுதி செய்யப்படாத பிள்ளைக்கு எக்ஸ்ரே எடுத்துவிடுவது நல்லது. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் மறைக்காதீர்கள். எந்த மருந்து, எத்தனை நாள், கடைசி வேளை எப்போது என்று எழுதி பெரிய மருத்துவமனையில் கொடுங்கள். அதை அறிந்தால்தான் அவர்கள் பரிசோதனை முடிவைச் சரியாக வாசிக்க முடியும்.

பிள்ளையால் மல்லாக்கப் படுக்க முடியவில்லை. ஸ்கேனுக்குத் தூக்க மருந்து கொடுக்கலாமா?

கொடுக்கக்கூடாது. முன்பக்கக் கட்டி மூச்சுக்குழாயையும், தலையிலிருந்து ரத்தம் இறங்கும் பெரிய சிரையையும் அழுத்திக்கொண்டிருக்கும். விழித்திருக்கும்போது பிள்ளை தன் தசை வலுவால் மூச்சுவழியைத் திறந்து வைத்திருக்கிறது. மயங்கினால் தசை தளரும், கட்டி அதன் பாரத்தில் அப்படியே இறங்கி மூச்சுக்குழாயை அடைத்துவிடும். அடைப்பு குழாயின் நுனிக்கும் கீழே இருப்பதால், தொண்டையில் குழாய் போட்டும் காற்று போகாத நிலை வரலாம்.

வண்டியில் உட்கார்ந்தபடியே கூட்டிப் போங்கள். அம்மாவின் மடியில் முன்புறம் சாய்ந்து உட்கார்ந்தால் பல பிள்ளைகளுக்கு மூச்சு இலகுவாகும். ஒருக்களித்தோ குப்புறவோ படுக்கவைத்தே சிடி எடுக்க முடியும். இன்றைய இயந்திரங்களில் சில நொடிகளே ஆகும். மூச்சுக்குழாயின் குறுக்குப் பரப்பு அந்த வயதுக்கு இருக்க வேண்டியதில் பாதிக்கும் கீழே போயிருந்தால், முழு மயக்கம் மிகவும் ஆபத்து என்று மயக்க மருத்துவர் எடுத்துக்கொள்வார். அப்படிப்பட்ட பிள்ளைக்குத் துளைவழி பயாப்சி (சதை எடுத்துச் சோதிப்பது) என்று யாராவது முதலிலேயே நாள் குறித்தால் நிறுத்திக் கேளுங்கள். ரத்த அணு எண்ணிக்கை, எலும்பு மஜ்ஜை, நுரையீரல் உறையில் கோத்த நீர், கழுத்து நெறி என்று மரத்துப்போகும் ஊசியோடு எடுக்கக்கூடிய இடங்கள் நான்கு இருக்கின்றன. அவற்றிலேயே பதில் கிடைத்துவிட்டால் நெஞ்சைத் தொடவே வேண்டாம். லிம்போமாவுக்கு மருந்துதான் சிகிச்சை, அறுவை இல்லை.

டிபி இருக்குமா என்று பார்க்காமல் எல்லோரும் புற்று என்கிறார்களே?

பார்க்க வேண்டும். நம் நாட்டுப் பிள்ளைகளின் நெஞ்சில் நெறி வீங்குவதற்குக் காசநோய் பெரிய காரணம். சதை எடுக்கும்போது ஒரு நடைமுறைத் தவறு அடிக்கடி நடக்கிறது: எடுத்த அத்தனையையும் ஃபார்மலினில் போட்டுவிடுவது. ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) செய்ய முடியாது. ஒரு துண்டைச் சாதாரண சலைனில் போட்டு ஜீன் எக்ஸ்பர்ட் பரிசோதனைக்கும் கல்ச்சருக்கும் அனுப்ப வேண்டும், மற்றதை ஃபார்மலினில் நோய்க்குறியியல் துறைக்கு. “டிபிக்கும் தனியாக அனுப்புகிறீர்களா?” என்று அறுவைக்கு முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

அறுவைக்கு முன் என்னென்ன பரிசோதனை?

மருந்து ஏற்றிய சிடி ஸ்கேன் அடிப்படை. முதுகெலும்பை ஒட்டிய கட்டி என்றால் எம்ஆர்ஐயும் வேண்டும். கட்டி முதுகெலும்பின் துளை வழியாகத் தண்டுவடம் பக்கம் நுழைந்திருக்கிறதா என்பதை அதுதான் காட்டும். நரம்புக் கட்டிக்கு, அது சுரப்பதால் சிறுநீரில் கூடும் விஎம்ஏ, எச்விஏ என்ற பொருட்கள். பரவலைத் தேட எம்ஐபிஜி ஸ்கேன். முன்பக்கக் கட்டிக்கு ரத்தத்தில் கட்டியைக் காட்டிக்கொடுக்கும் ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் அளவுகள். பிறந்த குழந்தைக்கு ஏஎஃப்பி இயல்பாகவே மிக அதிகமாக இருந்து முதல் ஆண்டில் மெல்ல இறங்கும். மூன்று மாதக் குழந்தையின் எண்ணைப் பெரியவர்களின் அளவோடு ஒப்பிட்டுப் பதற வேண்டாம்.

எந்தக் கட்டியைத் துளைவழியில் எடுக்கலாம், எதைத் திறந்துதான் எடுக்க வேண்டும்?

துளைவழிக்கு மிகவும் ஏற்றவை: பின்பக்கத்து நரம்புக் கட்டி, மூச்சுக்குழாய் நீர்க்கட்டி, உணவுக்குழாய் ஓரத்து இரட்டிப்பு நீர்க்கட்டி, சிறிய தைமஸ் கட்டி, கூடவே பயாப்சி மட்டும் தேவைப்படும் எல்லாமும். அளவில் பல மையங்கள் 5 முதல் 6 செ.மீ. வரை என்று ஒரு கோடு வைத்துக்கொள்கின்றன. எங்கள் பார்வையில் செ.மீ. கணக்கைவிட ஒட்டியிருக்கும் இடம் பெரிது. பெருந்தமனியைச் சுற்றி வளைத்த 3 செ.மீ. கட்டி, தனியாகத் தொங்கும் 7 செ.மீ. கட்டியைவிடக் கடினமானது. நியூரோபிளாஸ்டோமாவில் ஸ்கேன் படத்திலேயே இப்படிப்பட்ட ஆபத்து அடையாளங்களை எண்ணிப் பார்க்கும் முறை உலகெங்கும் உள்ளது. அடையாளம் இருந்தால் முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு அப்புறம் அறுவை.

திறந்து செய்வது நல்லது என்று தயங்காமல் சொல்ல வேண்டியவை இரண்டு. ஒன்று, பிளூரோபல்மனரி பிளாஸ்டோமா என்ற சந்தேகம். அது உடைந்து சிந்தினால் நோயின் நிலையே ஏறிவிடும். மற்றது, ஆஸ்டியோசார்கோமாவிலிருந்து நுரையீரலுக்குப் பரவிய உருண்டைகள். சிடியில் நான்கு தெரிந்தால் கையால் தடவும்போது ஆறு அகப்படலாம். கேமராவுக்குத் தொடு உணர்வு இல்லை. திறந்து செய்வதா துளைவழியா என்பதை ஒப்பிட அமெரிக்காவின் குழந்தைப் புற்றுநோய்க் குழு ஓர் ஆய்வே தொடங்கியது. ஒன்றிரண்டு உருண்டை மட்டும் என்றால், சிடியில் பார்த்தபடியே பக்கத்தில் ஒரு கம்பியோ சாயமோ வைத்து அடையாளமிட்டுத் துளைவழியில் எடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

கட்டி தண்டுவடத்தை அழுத்திக் கால் சோர்ந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ துளையா திறப்பா என்ற பேச்சே இல்லை. அன்றைக்கே, மணிக்கணக்கில் சிகிச்சை தொடங்க வேண்டும்.

அறுவை அரங்குக்குள் என்ன நடக்கிறது?

வெறும் வயிறு: இட்லி, சோறு, பசும்பால், பவுடர் பால் எல்லாம் 6 மணி நேரத்துக்கு முன் நிறுத்தம், தாய்ப்பால் 4 மணி நேரம், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் வரை தரலாம். கஞ்சித்தண்ணி தண்ணீர்க் கணக்கில் சேராது. பிள்ளை அழுகிறதே என்று பாட்டி ஒரு வாய் கொடுத்துவிட்டதால் அறுவை தள்ளிப்போவது வழக்கமாக நடக்கும் ஒன்று. கொடுத்திருந்தால் சொல்லிவிடுங்கள், சொல்லாமல் விட்டால் மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போகும்.

உள்ளே வேலை செய்ய இடம் வேண்டும் என்பதால் அந்தப் பக்க நுரையீரலைச் சுருங்க வைத்து மறுபக்கத்தில் மட்டும் மூச்சு கொடுப்பார்கள். இரண்டு வழி உள்ள குழாயில் மிகச் சிறியதே 26 அளவு. அது சுமார் 8 வயதுக்கு மேல்தான் பொருந்தும். அதற்குக் கீழே ஒரு பக்கத்து மூச்சுக்கிளையைச் சிறு பலூனால் அடைப்பார்கள், அல்லது குழாயை ஒரே பக்கத்துக்குள் இறக்குவார்கள். கூடவே கரியமில வாயுவை 4 முதல் 8 மி.மீ. பாதரச அழுத்தத்தில் மெதுவாக விடுவார்கள். வயிற்றில் விடுவதைவிட இது மிகக் குறைவு, ஏனென்றால் அழுத்தம் ஏறினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் தடைபட்டுப் பிரஷர் இறங்கும். பின்பக்கக் கட்டி என்றால் பிள்ளையைக் கிட்டத்தட்டக் குப்புறச் சாய்ப்பார்கள். நுரையீரல் தானே முன்னால் விழுந்து வழிவிடும்.

கட்டிமேல் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையைக் கீறி, சுற்றிலும் விடுவித்து, விலாவுக்கடியிலிருந்து வரும் ரத்தக்குழாய்களை ஒவ்வொன்றாக அடைத்து, கட்டியை உள்ளேயே ஒரு பைக்குள் போட்டுச் சுருக்கிட்டு வெளியே எடுப்பார்கள். பை இல்லாமல் இழுத்தால் துளையின் ஓரத்தில் அணுக்கள் உதிர்ந்து அங்கேயே முளைக்கலாம். நுரையீரலை வெட்டியிருந்தால் சலைன் ஊற்றி, ஊத வைத்து, குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதுபோலத்தான். நுரையீரலை வெட்டித் தைக்கும் வழக்கமான ஸ்டேப்ளருக்கு 12 மி.மீ. துளையும், உள்ளே வாய் திறக்க நாலைந்து செ.மீ. இடமும் வேண்டும்; கைக்குழந்தையின் நெஞ்சில் அந்த இடமே இருக்காது. அதனால்தான் சின்னவர்களுக்கு நூலும் கிளிப்பும் சூட்டுக்கருவியும். 5 மி.மீ. ஸ்டேப்ளர் சில இடங்களில் உண்டு.

துளை போட்டுத் தொடங்கி, பாதியில் திறந்துவிட்டார்கள். ஏதோ தவறு நடந்துவிட்டதா?

அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். ரத்தம் நிற்கவில்லை, கட்டி உடையப் பார்க்கிறது, ஒரு பக்க மூச்சில் ஆக்சிஜன் இறங்குகிறது, எது எங்கே என்று தெரியவில்லை. இவற்றில் எது வந்தாலும் திறப்பதே சரி. பிடிவாதமாகத் துளைக்குள்ளேயே நிற்பதுதான் தவறு. ஒப்புதல் தாளில் ‘தேவைப்பட்டால் திறந்து’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

என்னென்ன சிக்கல் வரலாம்?

நெஞ்சின் உச்சியில் இருந்த நரம்புக் கட்டியை எடுத்தபின் அந்தப் பக்கக் கண்ணிமை தாழ்ந்து, முகத்தில் பாதி வேர்க்காமல் போகலாம். பார்வைக்குக் கெடுதல் இல்லை. சிலருக்கு மாதங்களில் சரியாகும், சிலருக்கு அப்படியே தங்கிவிடும். உதரவிதான நரம்பு அடிபட்டால் ஒரு பக்க மூச்சு வலுவிழக்கும். நெஞ்சின் அடிப்பகுதியில், அதிலும் இடப்பக்கத்தில், தண்டுவடத்துக்கு ரத்தம் தரும் முக்கியமான தமனி ஒன்று விலாத் தமனியிலிருந்து கிளைக்கிறது. அது அடைபட்டால் கால் செயலிழக்கும். மிக அரிது, ஆனாலும் அறுவைக்கு முன்பே அது எங்கே கிளைக்கிறது என்று பார்த்தீர்களா எனக் கேட்கத் தகுந்தது.

நெஞ்சு நிணநீர்க் குழாய் கிழிந்தால் சிக்கல் உடனே தெரியாது. பிள்ளை பால் குடிக்கத் தொடங்கியதும் நீரை வடிக்க நெஞ்சில் வைத்த டியூபில் வரும் நீர் பால்போல வெளுக்கும். அந்த நீரில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு 100 மி.லி.க்கு 110 மி.கி.க்கு மேல் இருந்தால் உறுதி. சிகிச்சை பெரும்பாலும் உணவிலேயே: கொழுப்பை முழுக்க நிறுத்தி, நிணநீர்க் குழாய் வழியே போகாத கொழுப்பான எம்சிடி எண்ணெய் சேர்த்த பால் மட்டும், சில நாள் முதல் சில வாரம் வரை. “தேங்காயெண்ணெயிலும் அதுதானே இருக்கிறது” என்று வீட்டில் மாற்றிவிடாதீர்கள். தேங்காயெண்ணெயில் பெரும்பகுதி வேறு கொழுப்பு, கசிவு கூடும். தேங்காய்ப்பால் ஊற்றிய மீன்குழம்பும் அந்த நாட்களில் கூடாது.

நெஞ்சில் டியூபும் பாட்டிலும் எத்தனை நாள்? நாங்கள் என்ன கவனிக்க வேண்டும்?

சாதாரணமாக 1 முதல் 3 நாள். குமிழி நின்று, நீர் நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு 2 மி.லி. அளவுக்குள் குறைந்து, எக்ஸ்ரேயில் நுரையீரல் விரிந்திருந்தால் எடுத்துவிடுவார்கள்.

பாட்டில் எப்போதும் பிள்ளையின் நெஞ்சுக்குக் கீழே இருக்க வேண்டும். கட்டிலில் தூக்கி வைத்தால் அந்தத் தண்ணீர் திரும்ப நெஞ்சுக்குள் ஏறும். மூச்சுக்கேற்ப தண்ணீர் மட்டம் ஏறி இறங்குவது நல்லது. திடீரென அசைவு நின்றால் டியூப் மடங்கியிருக்கிறதா, பிள்ளை அதன்மேல் படுத்திருக்கிறதா என்று பாருங்கள். குமிழி வந்துகொண்டிருக்கும்போது டியூபைக் கிளிப் போட்டு அடைத்துக்கொண்டு எக்ஸ்ரேக்குத் தள்ளிப் போகக்கூடாது. காற்று உள்ளேயே சேர்ந்து இதயத்தை நெருக்கும். டியூப் கையோடு வந்துவிட்டால் சுத்தமான துணியால் துளையை அழுத்திப் பிடித்தபடி நர்ஸைக் கூப்பிடுங்கள்.

வலிக்கு மருந்து கொடுத்துக்கொண்டே இருக்கலாமா?

முதல் இரண்டு மூன்று நாள் நேரத்துக்கு நேரம் கொடுப்பதுதான் சரி. பாராசிட்டமால் ஒரு கிலோவுக்கு 15 மி.கி., 6 மணிக்கு ஒருமுறை. வலித்தால் பிள்ளை ஆழமாக மூச்சிழுக்காது, சளி தேங்கும், நிமோனியா வரும். மூன்று பந்து உள்ள மூச்சுக்கருவியில் இழுக்கப் பழக்குங்கள். சின்னவர்களுக்குச் சோப்புக் குமிழி ஊதுவது போதும். பலூனும், இராமேசுவரம் கடைகளில் பிள்ளைகள் ஊதிப் பார்க்கும் சங்கும், நுரையீரலை வெட்டியிருந்தால் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை வேண்டாம்.

பத்தியம் உண்டா? மீன் கொடுத்தால் சீழ் பிடிக்குமா?

பிடிக்காது. புண் ஆறப் புரதம் வேண்டும். சுறாப்புட்டு, முட்டை, பருப்பு எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம், மேலே சொன்ன பால்நிறக் கசிவு இல்லாத பட்சத்தில். கீமோ ஓடும்போது மட்டும் எல்லாம் நன்றாக வெந்திருக்க வேண்டும். முந்தின நாள் குழம்பும் அரைவேக்காட்டு நண்டும் சிப்பியும் கூடாது.

ஏப்ரலில் மீன்பிடித் தடைக்காலம் வரும். அதுவரை காத்திருக்கலாமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாளில் அப்பா வீட்டில் இருப்பார் என்று கணக்குப் போடுவது புரிகிறது. தொந்தரவு தராத நீர்க்கட்டி, சாதுவானது என்று தெரிந்த கேங்லியோநியூரோமா என்றால் சில வாரம் தள்ளலாம். மருத்துவரிடம் கேட்டு முடிவெடுங்கள். என்ன கட்டி என்றே தெரியாத நிலையில் தள்ளக்கூடாது. சிகிச்சைச் செலவைச் சமாளிக்கக் காப்பீடு இருக்கிறது.

எங்கே போவது? செலவு?

எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, முதல் சிடி ஆகியவற்றை 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் தொடங்கலாம். அறுவைக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனை, சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை போன்று குழந்தை அறுவைத் துறை உள்ள இடம் வேண்டும். கேமராவும் கருவியும் இப்போது பல ஊரில் இருக்கின்றன. நீங்கள் கேட்க வேண்டியது வேறு: குழந்தைகளுக்கு ஒரு பக்க மூச்சு கொடுத்துப் பழகிய மயக்க மருத்துவர் இருக்கிறாரா, குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, புற்றுநோய் மருத்துவரோடு கலந்து பேசித்தான் முடிவெடுத்தார்களா.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். கட்டணமில்லா எண் 1800 425 3993. குழந்தையின் பெயர் குடும்ப அட்டையில் ஏறியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பல குடும்பங்கள் அங்கேதான் தடுக்கி நிற்கின்றன.

புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தபின் இராமேசுவரம் வரை ரயில் மறுபடி ஓடுகிறது. புற்றுநோய் உறுதியான பிள்ளை சிகிச்சைக்குப் போகும்போது ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் இல்லை. கூடப் போகும் ஒருவருக்கு முக்கால் பங்கு சலுகை. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கி முன்பதிவு கவுண்டரில் கொடுக்க வேண்டும்.

ஊருக்கு வந்தபின் காய்ச்சல் வந்தால்?

கீமோ ஓடாத பிள்ளை என்றால்: காய்ச்சலோடு புண் சிவந்து வீங்கினாலோ, மூச்சு வேகமானாலோ (1 முதல் 5 வயதில் நிமிடத்துக்கு 40-க்கு மேல்), தோலை அழுத்தினால் நொறநொறவென்றாலோ அன்றைக்கே மருத்துவமனை.

கீமோ ஓடும் பிள்ளை என்றால் கணக்கே வேறு. ஒருமுறை 101 டிகிரி, அல்லது 100.4 ஒரு மணி நேரம் நீடித்தால், வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஊசி ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். இராமேசுவரத்திலிருந்து மதுரை சுமார் 170 கி.மீ.; போய்ச் சேர்ந்தபின் முதல் ஊசி என்றால் தாமதம். ஆகவே டிஸ்சார்ஜின்போதே, எந்த மருந்து, எத்தனை மி.கி. என்று இராமநாதபுரம் மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் வேளை அங்கே, பிறகு 108-இல் மதுரை. பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மறைத்துவிட்டுக் காலைவரை பார்ப்பதுதான் உயிருக்கு ஆபத்தான தவறு.

எப்போது பள்ளிக்கூடம், எப்போது கடல்?

துளைவழி என்றால் இரண்டு வாரத்தில் பள்ளி, விளையாட்டு நாலு முதல் ஆறு வாரத்தில். புண் முழுக்க மூடும்வரை கடல் குளியல் வேண்டாம். கீமோ ஓடும்போதும், மருந்தேற்றும் குழாய் உடம்பில் இருக்கும்போதும் கடலில் இறங்கக்கூடாது. வெள்ளை அணு குறைந்த உடம்பில் கடல்நீர்க் கிருமி சின்னக் கீறலிலேயே புகும். மீன் அரியும், நண்டு உடைக்கும் வேலையிலிருந்தும் பிள்ளையை விலக்கி வையுங்கள்.

கரையோரம் நீந்துவதற்குப் பிற்பாடு தடையில்லை. மூச்சடக்கி ஆழமாக முங்குவதற்கு, பாசி எடுக்கவோ சங்கு குளிக்கவோ வீட்டாரோடு போகும் பெரிய பிள்ளைகளுக்கு, முதலில் நுரையீரல் செயல்திறன் பரிசோதனையும் சிடியும் வேண்டும். நுரையீரலின் ஒரு பகுதியை எடுத்த பிள்ளை வளர்ந்தபின் சிலிண்டர் கட்டி முங்குவதை மருத்துவரின் எழுத்து அனுமதி இல்லாமல் செய்யவே கூடாது: மேலே ஏறும்போது அழுத்தம் குறைந்து காற்று விரியும், தழும்பு உள்ள இடத்தில் நுரையீரல் கிழியும். விமானப் பயணம், நெஞ்சில் காற்று சேர்ந்திருந்தால், அது முழுதும் போய்க் குறைந்தது ஒரு வாரம் கழித்து.

பழைய ஸ்கேன், ரிப்போர்ட் எல்லாம் வைத்திருக்க வேண்டுமா?

வேண்டும், ஆண்டுக்கணக்கில். பிலிமைச் செல்போனில் எடுத்த படம் போதாது. சிடியை வட்டாகவோ பென்டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். கட்டியை வைத்த மெழுகுக் கட்டைகளும் கண்ணாடிச் சில்லுகளும் எந்த ஆய்வகத்தில், எந்த எண்ணில் இருக்கின்றன என்று ரிப்போர்ட்டின் மேலேயே எழுதி வையுங்கள். வேறு மருத்துவமனைக்குப் போனால் அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். கடற்காற்றில் பிலிம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தாள் இடையில் வைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஓலை வீடென்றால் தரையில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள்.